‘ஓப்பனா’ வேற, ‘ஓப்பன்லி’ வேற: இந்த ஒரு வார்த்தைய சரியா பயன்படுத்துறது எப்படி

ஆபீஸ்ல என்கூட வேலை பார்த்த ஒரு பொண்ணு, வருஷக் கடைசில தன் வேலைய தானே மதிப்பிட்டு எழுதற செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம்ல “ஐ ஓப்பன்லி டிஸக்ரீட் வித் மை லீட் அபௌட் த டெட்லைன்”னு ஒரு வரி எழுதியிருந்தா. அவ மனசுல இருந்தது என்னன்னா, டீம் லீட் சொன்ன தேதிக்குள்ள வேலை முடியாதுன்னு தெரிஞ்சதும் அவர தனியா பார்த்து பூசி மெழுகாம உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன், அதனாலதான் கடைசி நேரத்துல கிளையன்ட் கிட்ட தலை குனியாம தப்பிச்சோம்ங்கறது. ரொம்ப நல்ல விஷயம், பாராட்ட வேண்டிய விஷயம். ஆனா ஃபார்மை படிச்ச மேலதிகாரிக்கு இங்கிலீஷ்தான் தாய்மொழி, அவர் மீட்டிங்ல கேட்ட முதல் கேள்வியே, டீம்ல எல்லாரும் இருக்கும்போது ஏன் லீட எதிர்த்து பேசினீங்க, தனியா சொல்லியிருக்கலாமேங்கறதுதான். இவளுக்கு ஒண்ணுமே புரியல, நான் தனியாதானே சொன்னேன்னு அரை மணி நேரம் விளக்க வேண்டியதா போச்சு, கண்ணு கலங்கி வெளிய வந்தா.

அவ இங்கிலீஷ்ல இலக்கணப் பிழை எதுவும் இல்ல, ஸ்பெல்லிங் தப்பு இல்ல. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நாம தினமும் சொல்ற வார்த்தைதான் கவுத்து விட்டுச்சு. அன்னைலேர்ந்து யாராவது மெயில் எழுதி பார்க்க சொன்னா இந்த ஓப்பன்லி எங்கயாவது இருக்கான்னு நான் முதல்ல தேடுவேன், பத்துல பாதி பேர் இத தமிழ் அர்த்தத்துலதான் எழுதியிருப்பாங்க. அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல சிக்கல் எங்க இருக்குன்னு பார்ப்போம். நாம தமிழ்ல “ஓப்பனா சொல்றேன்”, “ஓப்பனா பேசு”, “அவன் ரொம்ப ஓப்பன் டைப்பு”ன்னு சொல்றோம்ல, அந்த ஓப்பன் மனசோட கதவு. மனசுல இருக்கறத அப்படியே வெளிய எடுத்து வைக்கறது. இங்கிலீஷ்ல ஓப்பன்லிக்கு அந்த அர்த்தமும் ஓரமா உண்டு, ஆனா அதோட முக்கியமான வேலை வேற. அது கண்ணு சம்பந்தப்பட்டது, மத்தவங்க பார்வைக்கு தெரியற மாதிரி, மறைக்கணும்னு முயற்சியே பண்ணாம ஒரு காரியத்த செய்யறது. நம்ம ஓப்பனாவுக்கு எதிர்ச்சொல் பூசி மெழுகறது. அவங்க ஓப்பன்லிக்கு எதிர்ச்சொல் ரகசியமா, திருட்டுத்தனமா, மறைவா. எதிர்ச்சொல்ல பார்த்தாலே ரெண்டும் வேற வேற ஜாதின்னு தெரிஞ்சிடும்.

வார்த்தையோட உடம்ப பார்த்தா சுலபமாத்தான் இருக்கும். ஓப்பன் பழைய இங்கிலீஷ் காலத்துலேர்ந்தே இருக்கற சொல், பின்னாடி ஒட்டியிருக்கற ‘லி’யும் அதே அளவு பழசு, அதோட வேர் உடம்பு, உருவம்ங்கற அர்த்தம் உள்ள ஒரு சொல், மாதிரிங்கற அர்த்தத்துல வர்ற லைக் கூட அதே வேர்லேர்ந்துதான் வந்துச்சு. நாம வெளிப்படை கூட ‘ஆக’ சேர்த்து வெளிப்படையாகன்னு எழுதி, பேசும்போது வெளிப்படையான்னு சுருக்கறோம்ல, அந்த ஆக ‘ஆகு’ங்கற வினைலேர்ந்து வந்தது. அவங்க ‘அந்த உருவத்துல’ன்னு சொல்றாங்க, நாம ‘அதுவா ஆகி’ன்னு சொல்றோம். எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம், அதான் இங்க ஒரு நிமிஷம் நின்னேன்.

சரி, இப்போ எப்போ போடணும், எப்போ போடக்கூடாதுன்னு கண்டுபிடிக்கற வழி. ஒரு கேள்வி கேட்டா போதும்: இந்த காரியத்த ஒருத்தர் சாதாரணமா மறைப்பாரா? மறைக்கறதுக்கு காரணம் ஏதாவது இருக்கா, சட்டமோ, கூச்சமோ, பயமோ, மரியாதையோ? இருக்குன்னா ஓப்பன்லி அங்க பொருந்தும். இல்லன்னா பொருந்தாது. “ஹி ஓப்பன்லி ட்ரேங்க் காஃபி”ன்னு எழுதினா இங்கிலீஷ்காரர் நிமிர்ந்து உட்காருவார், ஏன், காபி குடிக்க தடையா, டாக்டர் வேண்டாம்னு சொன்னாரா, நோன்பு நேரமான்னு யோசிப்பார். “ஹி ஓப்பன்லி ஸ்மோக்ட் இன் த ஹாஸ்பிட்டல்”னு சொன்னா யாரும் யோசிக்க மாட்டாங்க, செய்யக்கூடாதத மறைக்காம செஞ்சிருக்கான்னு உடனே புரிஞ்சிடும். பொது இடத்துல புகை பிடிக்க தடை போடற சட்டம் இந்தியால 2003-லேயே வந்துச்சு, அதுக்கான விதிகள் 2008 அக்டோபர் 2 லேர்ந்து அமல்ல இருக்கு, 200 ரூபா வரைக்கும் அபராதம். அந்த தடை இருக்கறதாலதான் அந்த வாக்கியத்துல ஓப்பன்லிக்கு உயிர் இருக்கு.

இதுக்கு எனக்கு தெரிஞ்சு உப்பு சத்தியாகிரகத்த விட நல்ல உதாரணம் கிடையாது. 1930 மார்ச் 2-ம் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு கடிதம் எழுதி நான் சட்டத்த மீறப் போறேன்னு முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் கிளம்பினார், ஏப்ரல் 6 தண்டி கடற்கரைல எல்லாரும் பார்க்க உப்ப அள்ளினார். நம்ம ஊர்ல ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சிலேர்ந்து தொண்டர்களோட நடந்து போய், 30-ம் தேதி வேதாரண்யத்துல உப்பு எடுத்து கைதானார். உப்ப திருட்டுத்தனமா காய்ச்சி விக்கறவனும் அதே சட்டத்ததான் மீறறான், ஆனா அவன் ராத்திரில மீறுவான். இவங்க ஊரறிய மீறினாங்க. “தே ஓப்பன்லி ப்ரோக் த சால்ட் லா”ன்னு சொல்லும்போது அந்த ஒரு சொல்லுதான் சத்தியாகிரகியையும் கள்ளக் கடத்தல்காரனையும் பிரிக்குது, அத எடுத்துட்டா வாக்கியம் வெறும் குற்றப்பத்திரிகை ஆயிடும்.

அழறதுக்கும் இந்த சொல் அடிக்கடி வரும், “வெப்ட் ஓப்பன்லி”ன்னு. 2022 செப்டம்பர்ல லண்டன்ல டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் தன்னோட கடைசி மேட்ச ஆடினார், நடாலோட ஜோடி சேர்ந்து ஆடின டபுள்ஸ், தோத்துட்டாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து கைய பிடிச்சுக்கிட்டு அழுத காட்சி உலகம் முழுக்க போச்சு. ஆம்பளைங்க, அதுவும் எதிரெதிரா நின்னு வருஷக்கணக்கா மோதினவங்க, கண்ணீர துடைச்சு மறைப்பாங்கன்னு எதிர்பார்ப்போம், இவங்க மறைக்கல. குழந்தை அழுதா யாரும் ஓப்பன்லின்னு எழுத மாட்டாங்க, ஏன்னா குழந்தை மறைக்கும்னு யாரும் எதிர்பார்க்கல. இந்த வித்தியாசம் பிடிபட்டா பாதி பாடம் முடிஞ்சது.

இதுல இன்னொரு நுட்பம் இருக்கு. ஓப்பன்லி தன்னளவுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல, பக்கத்துல எந்த வினை வருதோ அதோட நிறத்த எடுத்துக்கும். அட்மிட், டாக், டிஸ்கஸ், சப்போர்ட், வீப் மாதிரி வினையோட வந்தா அது தைரியம். தீபிகா படுகோன் 2015-ல தன்னோட மன அழுத்தத்த பத்தி வெளிய பேசினாங்க, அத இங்கிலீஷ்ல “ஷி ஸ்போக் ஓப்பன்லி அபௌட் ஹெர் டிப்ரெஷன்”னு எழுதுவாங்க, அதுல மரியாதை இருக்கு, மத்தவங்க மறைக்கற விஷயத்த இவங்க மறைக்கலங்கற பாராட்டு இருக்கு. அதே சொல் சீட் (ஏமாத்தறது), ஃப்ளௌட் (விதிய மதிக்காம மீறறது), மாக் (கேலி பண்றது), செல் (விக்கறது) மாதிரி வினையோட வந்தா வெக்கமில்லாம, பயமில்லாமங்கற கண்டிப்பு வந்துடும். “குட்கா இஸ் பீயிங் சோல்ட் ஓப்பன்லி நியர் த ஸ்கூல்”னு ஒரு புகார் மனுல எழுதினீங்கன்னா அது பட்டப்பகல்ல விக்கறாங்க, கேக்க ஆளில்லன்னு அர்த்தம். பட்டப்பகல்லங்கற நம்ம சொல் இங்க அச்சு அசலா பொருந்தும்.

இப்போ நம்ம ஆளுங்க அதிகமா தப்பு பண்ற இடத்துக்கு வர்றேன். “ஓப்பனா சொல்லணும்னா எனக்கு இது பிடிக்கல”, இத அப்படியே தூக்கி “ஓப்பன்லி, ஐ டோன்ட் லைக் திஸ்”னோ “ஓப்பன்லி ஸ்பீக்கிங்”னோ சொல்றாங்க. தப்பு. வாக்கியத்தோட தலைல தனியா உட்கார்ந்து, நான் இப்போ சொல்லப் போறது என் மனசுல உள்ளதுன்னு அறிவிக்கற வேலைய ஓப்பன்லி செய்யாது, அந்த வேலைக்கு ஆள் வேற, ஃப்ராங்க்லி, ஹானஸ்ட்லி, டு பி ஃப்ராங்க், டு பி ஹானஸ்ட். “ஃப்ராங்க்லி, ஐ டோன்ட் லைக் இட்”, இதுதான் சரி. ஒரு சின்ன எச்சரிக்கை, ஃப்ராங்க்லிய தலைல வச்சு ஆரம்பிச்சா பின்னாடி வர்றது பெரும்பாலும் கசப்பான சேதியாத்தான் இருக்கும், கேக்கறவர் மனச தயார் பண்ணிக்குவார். அதனால மேலதிகாரிக்கு மெயில் எழுதும்போது ஒவ்வொரு பாராவுக்கும் ஃப்ராங்க்லி போட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். “ஐ வுட் லைக் டு பி ஓப்பன் வித் யூ அபௌட் திஸ்”னு ஒரு தடவ எழுதினா அதே விஷயம் மென்மையா போய் சேரும். கவனிச்சீங்களா, இங்க வந்தது ஓப்பன், ஓப்பன்லி இல்ல. நம்ம ஓப்பனாவுக்கு ரொம்ப நெருக்கமான இங்கிலீஷ் இதுதான், “பி ஓப்பன் வித்”.

ஃப்ராங்க்லியோட கதையும் சொல்லிடறேன், சொன்னா வார்த்தை மனசுல நிக்கும். இன்னைக்கு ஃப்ரான்ஸுன்னு சொல்ற நாட்ட ஒரு காலத்துல பிடிச்சு ஆண்டவங்க ஃப்ராங்க்குங்கற இனத்துக்காரங்க, நாட்டுக்கே அவங்க பேர்தான். அவங்க ஆட்சில முழு சுதந்திரம் அவங்களுக்குத்தான் இருந்துச்சு, அதனால அவங்க பேரே சுதந்திரமானவன்ங்கற அர்த்தத்துக்கு மாறி, அப்புறம் தடையில்லாம பேசறவன்ங்கற அர்த்தத்துக்கு வந்துடுச்சு. இன்னொரு சொல் கேண்டிட்லி. லத்தீன்ல வெள்ளைங்கற சொல்லுலேர்ந்து வந்தது, ரோம்ல பதவிக்கு போட்டி போடறவங்க வெளுப்பாக்கின அங்கி போட்டுக்கிட்டு ஓட்டு கேட்டாங்க, அதனாலதான் வேட்பாளருக்கு கேண்டிடேட்டுன்னு பேர் வந்துச்சு. நாம வெள்ளை மனசு, வெள்ளந்தின்னு சொல்றோம் பாருங்க, அவங்களும் அதே வெள்ளையத்தான் பிடிச்சிருக்காங்க. கேண்டிட்லி கொஞ்சம் எழுத்து நடை, பேட்டி, கட்டுரைல வரும், பேச்சுல ஃப்ராங்க்லி போதும்.

அடுத்து பப்ளிக்லி. இது ஓப்பன்லியோட அக்கா தங்கச்சி மாதிரி, ஆனா ஒண்ணு இல்ல. பப்ளிக்லின்னா பொதுமக்கள் முன்னாடி, பகிரங்கமா. அந்தரங்கம், பகிரங்கம்னு ஜோடியா நமக்கு இருக்கே, அந்த பகிரங்கம். ஓப்பன்லிக்கு கூட்டம் தேவையில்ல, மறைக்காம இருந்தா போதும், ஒரே ஒருத்தர் முன்னாடி கூட ஓப்பன்லி பேசலாம். இதுக்கு ராஜ்யசபா தேர்தல் நல்ல உதாரணம். 2003-ல சட்டத்த திருத்தினதுலேர்ந்து எம்எல்ஏ ஓட்டு போட்டதும், சீட்ட பெட்டில போடறதுக்கு முன்னாடி தன்னோட கட்சி ஏஜென்ட்டுகிட்ட காட்டணும், ஓப்பன் பேலட்டுன்னு பேரு, கட்சி மாறி ஓட்டு போடறத தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த ஓட்டு ஓப்பன், ஆனா பப்ளிக் இல்ல, ஏன்னா காட்டறது கட்சி ஏஜென்ட்டுக்கு மட்டும்தான், ஊருக்கே இல்ல. இது புரிஞ்சா ரெண்டையும் குழப்பிக்கவே மாட்டீங்க. பப்ளிக்லி எழுதும்போது இன்னொண்ணு, பேசிக் பேசிக்கலி ஆகுது, மேஜிக் மேஜிக்கலி ஆகுது, ஆனா பப்ளிக் மட்டும் நேரா ‘லி’ய ஒட்டிக்கும், நடுவுல ஏஎல் வராது.

வீட்டுப் பக்கம் வர்ற தப்பு இன்னொரு வகை. “சாப்பாட்ட ஓப்பனா வைக்காத, ஈ மொய்க்கும்”னு சொல்றோம். இத “டோன்ட் கீப் த ஃபுட் ஓப்பன்லி”ன்னு சொல்றத ஸ்டாஃப் ரூம்லேயே கேட்டிருக்கேன். சாப்பாடு எதையும் மறைக்கவும் இல்ல, வெளிப்படுத்தவும் இல்ல, மூடி இல்லாம இருக்கு, அவ்ளோதான். “டோன்ட் லீவ் த ஃபுட் அன்கவர்ட்”, இதுதான் சரி. கதவுன்னா “லீவ் த டோர் ஓப்பன்”, ஓப்பன்லி இல்ல, ஏன்னா நாம சொல்றது கதவோட நிலைமை, செய்யற விதம் இல்ல. வெட்டவெளில படுத்தோம்னா “வி ஸ்லெப்ட் இன் த ஓப்பன்”. 2014 அக்டோபர் 2 ஆரம்பிச்ச தூய்மை இந்தியா திட்டத்துல திறந்தவெளில மலம் கழிக்கறத நிறுத்தணும்ங்கறத ஓப்பன் டெஃபகேஷன்னு எழுதினாங்க, வாக்கியமா சொன்னா “டெஃபகேட் இன் த ஓப்பன்”தான் சரியான வழக்கு, அங்க முக்கியம் இடம். ஓப்பன்லி போட்டா கவனம் இடத்துலேர்ந்து நழுவி அந்த ஆளோட வெக்கத்து மேல போயிடும், பாவம், கழிப்பறை இல்லாத ஒரு குடும்பத்த அப்படி எழுதறது நியாயமும் இல்ல.

அதே மாதிரி “ஓப்பனா கேளு, முன்முடிவோட கேக்காத”ங்கறதுக்கு லிசன் ஓப்பன்லின்னு எழுதினா சில பேர் புரிஞ்சுக்குவாங்க, சில பேர் ஒட்டு கேக்கறத மறைக்காம செய்யறதுன்னு எடுத்துக்குவாங்க. வம்பே வேணாம், “லிசன் வித் அன் ஓப்பன் மைண்ட்”.

இப்போ எங்க வைக்கறதுன்னு பார்ப்போம். முக்கிய வினைக்கு முன்னாடி வைக்கலாம், “ஷி ஓப்பன்லி க்ரிட்டிசைஸ்ட் த ப்ளான்.” கடைசில வைக்கலாம், “ஷி க்ரிட்டிசைஸ்ட் த ப்ளான் ஓப்பன்லி.” வினைக்கும் அதோட செயப்படுபொருளுக்கும் நடுவுல செருகாதீங்க, “க்ரிட்டிசைஸ்ட் ஓப்பன்லி த ப்ளான்” காதுக்கு இடிக்கும், தமிழ்ல சொற்கள இஷ்டத்துக்கு மாத்தி போட முடியறதால நமக்கு இது உறுத்தறதே இல்ல, அதான் கஷ்டம். ஹேஸ், வாஸ், கேன் மாதிரி துணைவினை இருந்தா அதுக்கப்புறம், “ஹி ஹேஸ் ஓப்பன்லி அட்மிட்டட் இட்.” ஒரு வாக்கியத்துல ரெண்டு வினை இருந்தாத்தான் உஷாரா இருக்கணும். “ஹி ஓப்பன்லி ப்ராமிஸ்ட் டு டாக்”னா பேசறேன்னு எல்லாருக்கும் தெரிய வாக்கு குடுத்தார், “ஹி ப்ராமிஸ்ட் டு டாக் ஓப்பன்லி”ன்னா மறைக்காம பேசறேன்னு வாக்கு குடுத்தார். சொல் எந்த வினைக்கு பக்கத்துல நிக்குதோ அதுக்குத்தான் சொந்தம். இன்னும் அதிகமான்னு சொல்ல “மோர் ஓப்பன்லி”, வால்ல ‘அர்’ ஒட்ட முடியாது.

இல்லைன்னு சொல்ற வாக்கியத்துல இந்த சொல் ஒரு பெரிய வேலை பண்ணும், இத யாரும் சொல்லித் தர்றதில்ல. “நோபடி அப்போஸ்ட் த ப்ளான்”னா யாரும் எதிர்க்கல, விஷயம் முடிஞ்சது. “நோபடி ஓப்பன்லி அப்போஸ்ட் த ப்ளான்”னா வெளிய யாரும் எதிர்க்கல, ஆனா உள்ளுக்குள்ள எதிர்ப்பு இருக்குன்னு ஒரு சேதி ஒட்டிக்கிட்டு போகுது. மீட்டிங்ல நடந்தத குறிச்சு வைக்கற மினிட்ஸ நீங்க எழுதறவரா இருந்தா இது ரொம்ப முக்கியம், எல்லாரும் மனசார ஒத்துக்கிட்ட ஒரு முடிவ ஓப்பன்லி சேர்த்து எழுதிட்டீங்கன்னா படிக்கறவர் யாருக்கு அதிருப்தின்னு தேட ஆரம்பிச்சிடுவார். “ஷி நெவர் ஓப்பன்லி செட் இட்”டும் அப்படித்தான், சொல்லல, ஆனா சாடையா காட்டினாங்கன்னு அர்த்தம். அந்த அர்த்தம் வேணும்னா தாராளமா போடுங்க, ஒரே சொல்லுல சாடைய கொண்டு வர்றது அழகான விஷயம். வேணாம்னா எடுத்துடுங்க.

பெயரடைக்கு முன்னாடியும் வரும். ஓப்பன்லி ஹாஸ்டைல்னா பகைய மறைக்கக்கூட முயற்சி பண்ணல, ஓப்பன்லி க்ரிட்டிக்கல்னா விமர்சனத்த மனசுக்குள்ள வச்சுக்கல. “ஓப்பன்லி கே”ன்னு செய்தில அடிக்கடி பார்ப்பீங்க. தன்பால் ஈர்ப்பு உள்ளவர், அத மத்தவங்ககிட்ட மறைக்காம வாழறவர். இந்தியால 2018 செப்டம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தோட 377-வது பிரிவு இவங்கள குற்றவாளியா வச்சிருந்துச்சு, அப்படிப்பட்ட நிலைமைல ஒருத்தர் மறைக்காம இருக்கறதுக்கு எவ்ளோ மனத்திடம் வேணும்னு நினைச்சுப் பாருங்க, அந்த எடை முழுக்க ஓப்பன்லிக்குள்ள இருக்கு. யாரும் ஓப்பன்லி டால்னு உயரமானவர பத்தி எழுத மாட்டாங்க, உயரத்த மறைக்க முடியாதே. அதே சோதனைதான் இங்கயும், மறைக்க முடிஞ்சிருக்கணும், மறைக்காம இருக்கணும். யாரையாவது பத்தி இப்படி எழுதறதுக்கு முன்னாடி அவங்களே அத வெளிய சொல்லியிருக்காங்களான்னு நிச்சயம் பண்ணிக்கோங்க, அவங்க சொல்லாதத நாம ஓப்பன்லி போட்டு எழுதறது பெரிய துரோகம்.

கம்ப்யூட்டர் உலகத்துல இந்த சொல்லுக்கு புதுசா ஒரு அர்த்தம் வந்திருக்கு, அங்க மறைக்கற கதையே கிடையாது. ஓப்பன்லி லைசென்ஸ்ட்னா யார் வேணா எடுத்து பயன்படுத்தலாம், மாத்தலாம், பகிரலாம்னு அனுமதி குடுத்து வெளியிட்டது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகள் அப்படித்தான், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு, மூலத்த குறிப்பிட்டு, அதே உரிமத்துல வெளியிட்டா நீங்க எடுத்து பாடப் பொருளா கூட பண்ணலாம். பப்ளிக்லி அவெய்லபிள்னா கண்ணுக்கு கிடைக்குதுன்னு மட்டும்தான் அர்த்தம், ஒரு பத்திரிகை தன்னோட படத்த இணையத்துல போட்டிருந்தா அது எல்லாரும் பார்க்கக் கிடைக்கும், ஆனா எடுத்து போட்டுக்க உரிமை இல்ல. வாத்தியாருங்க, யூட்யூப் பண்றவங்க இந்த ரெண்டு சொல்லையும் ஒண்ணா நினைச்சு அப்புறம் காப்பிரைட் சிக்கல்ல மாட்டிக்கிறாங்க.

உச்சரிப்பு பத்தி சுருக்கமா. நாம தமிழ்ல ஓப்பன்னு ‘ப்ப’ போட்டு எழுதறது, ஒத்தை ‘ப’ போட்டா நம்ம வழக்கப்படி ரெண்டு உயிருக்கு நடுவுல அது ‘ba’ மாதிரி மெலிஞ்சு போயிடும்ங்கறதாலதான். அதுக்காக இங்கிலீஷ்ல பேசும்போது அந்த இடத்துல அழுத்தி நிறுத்த வேணாம், அங்க ஒத்தை பி தான், அழுத்தம் முதல் ‘ஓ’ மேல. எழுதும்போதும் ஓ, பி, இ, என், எல், ஒய், எதையும் ரெண்டு தடவ எழுத வேணாம்.

சரி, இப்போ நீங்களே பண்ணிப் பாருங்க, நான் தமிழ்ல சொல்றேன், பதில படிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. “உங்ககிட்ட ஓப்பனாவே சொல்றேன் சார், இந்த ஷிஃப்ட் எனக்கு செட் ஆகல.” இதுல மறைக்கற காரியம் எதுவும் இல்ல, மனசு திறக்கறது, அதனால “டு பி ஹானஸ்ட் வித் யூ சார், திஸ் ஷிஃப்ட் இஸ் நாட் வொர்க்கிங் ஃபார் மீ.” அடுத்தது, “ஆத்துல பட்டப்பகல்ல மணல் அள்றாங்க.” செய்யக்கூடாதது, மறைக்காம செய்யறாங்க, “தே ஆர் ஓப்பன்லி டேக்கிங் சாண்ட் ஃப்ரம் த ரிவர்.” “புருஷனும் பொண்டாட்டியும் மனசு விட்டு பேசி ரொம்ப நாளாச்சு.” இங்க ஓப்பன்லியோட அந்த ஓரத்து அர்த்தம், மனசுல உள்ளத மறைக்காம பேசறது, “தே ஹேவன்ட் டாக்ட் ஓப்பன்லி ஃபார் எ லாங் டைம்”, டாக், ஸ்பீக் கூட வரும்போது இது சரியாவே பொருந்தும், பயப்படாம போடுங்க. “வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசிட்டார்.” இதுக்கு ஓப்பன்லி பத்தாது, கேக்கறவர் மனசு நோகுமான்னு கூட பார்க்காம பேசினது, “ஹி ஸ்போக் ப்ளன்ட்லி.” அப்புறம் அந்த அப்ரைசல் வரி. தனியா பார்த்து உள்ளத உள்ளபடி சொன்னேன்ங்கறத எப்படி எழுதறது? “ஐ டோல்ட் மை லீட் ஃப்ராங்க்லி, இன் ப்ரைவேட், தட் த டெட்லைன் வாஸ் நாட் பாஸிபிள்.” அடுத்த வருஷம் அவ ஃபார்ம்ல இப்படித்தான் எழுதினா, அந்த வரியப் பத்தி யாரும் எதுவும் கேக்கல.